சீம்பாலில் முதல் பங்கு யாருக்கு?



பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாட்களில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஏதாவது ஒரு வீட்டுத் தொழுவத்தை எட்டிப் பாருங்கள். மூலையில் ஒரு பசு கன்று ஈன்றிருக்கும். வேலியோரம் ஆட்டுக்குட்டிகள் இரண்டு துள்ளிக் கொண்டிருக்கும். பஞ்சாரத்துக்குள் தாய்க்கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்திருக்கும். மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காய் திரண்டு வரும் காலம் அது. வேம்பும் பூத்திருக்கும். தேர்வு முடிந்து நீங்களும் வீட்டில் இருக்கும் காலம். இதை இளவேனில் என்கிறோம்.

ஆங்கிலப் பாடநூலில் வரும் வசந்த காலமும் நம் இளவேனிலும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் செம்மறி ஆடுகள் பெரும்பாலும் வசந்தத்தில்தான் குட்டி போடும். இலையுதிர் காலத்தில் பகல் பொழுது சுருங்குவதை அவற்றின் உடல் உணர்ந்து கொள்கிறது. அப்போது இணை சேர்ந்து, ஐந்து மாதம் கழித்துப் புல் முளைக்கும் வேளையில் குட்டி ஈனுகிறது. இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு எட்டு மணி நேரத்துக்கும் அதிகம். இராஜபாளையமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9½ டிகிரியில் இருக்கிறது. இங்கே அந்த வேறுபாடு ஒரு மணி நேரத்தை ஒட்டியதுதான். ஆகவே நம் கால்நடைகள் பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் அவை ஈனலாம். மழையும் தீவனமும்தான் அவற்றின் நாட்காட்டி. கணக்குப் பாருங்கள்: வடகிழக்குப் பருவமழையில் புல் தழைத்து, ஐப்பசிக் கடைசியில் ஓர் ஆடு சினைப்பட்டால், 150 நாள் கழித்து அது குட்டி போடும் நாள் பங்குனிக் கடைசியிலோ சித்திரை முதலிலோ வந்து நிற்கும்.

இப்படிப் பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைத்து விடுவதில்லை. விடியற்காலையில் பார்த்தால் ஒரு குட்டி விறைத்துக் கிடக்கும். நன்றாகத் துள்ளிய கன்று பத்தாம் நாள் கழிச்சல் கண்டு சாய்ந்துவிடும். வீட்டில் பெரியவர்கள், "கண் பட்டுவிட்டது" என்பார்கள்; "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்பார்கள். நீங்களும் ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்திருப்பீர்கள்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிறந்த உயிரின் முதல் நாளில் பெரும்பகுதி கணக்குக்கு உட்பட்டது. அதில் இரண்டு கணக்குகள் முதன்மையானவை. ஒன்று வெப்பக் கணக்கு. மற்றொன்று நேரக் கணக்கு. இரண்டையும் பள்ளி மாணவர் எவரும் போட முடியும். போட்டால் சில உயிர்களைக் காக்கவும் முடியும். நம் வீட்டு வழக்கங்களில் ஒன்றிரண்டை மாற்றவும் வேண்டி வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெப்பக் கணக்கு

தாயின் வயிற்றுக்குள் குட்டி இருந்தபோது அதைச் சுற்றி ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பம். வெளியே வந்ததும் என்ன ஆகிறது? சித்திரை மாதமானாலும் பின்னிரவில் வெப்பநிலை 25 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஒரே நிமிடத்தில் 14 டிகிரி குறைந்த உலகத்துக்குள் அது வந்து விழுகிறது. அதுவும் நனைந்த உடலோடு!

நனைந்திருப்பது ஏன் ஆபத்து? மண்பானைத் தண்ணீர் குளிர்வதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக் கொள்கிறது. உடல் வெப்ப அளவில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். இப்போது பானை இருந்த இடத்தில் குட்டியை வைத்துப் பாருங்கள்.

2 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்குட்டி. அதன் உரோமத்தில் 100 கிராம் நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் ஆவியாக 2,40,000 ஜூல் வெப்பம் தேவை. உடல் திசுக்களின் தன்வெப்ப ஏற்புத் திறன் கிலோவுக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 3,500 ஜூல். ஆகவே 2 கிலோ உடலில் ஒரு டிகிரி குறைய 7,000 ஜூல் இழந்தால் போதும். 2,40,000-ஐ 7,000-ஆல் வகுத்தால் கிடைப்பது 34. அதாவது, அந்த வெப்பம் முழுவதும் குட்டியின் உடலிலிருந்தே போவதானால் அதன் வெப்பநிலை 34 டிகிரி வீழ வேண்டும்!

உண்மையில் அவ்வளவு வீழ்வதில்லை. ஒரு பகுதி வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து வருகிறது. குட்டியின் உடலும் வெப்பத்தை உண்டாக்கிக் கொண்டே இருக்கிறது. பிறக்கும்போதே அது தன் உடலில் பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகை எரிபொருளைச் சிறிதளவு சேமித்து வந்திருக்கிறது. ஆனால் அந்த 34-இல் பத்தில் ஒரு பங்கு வீழ்ந்தால்கூட உடல் 39-லிருந்து 36-க்கு வந்துவிடும். அந்த நிலையில் குட்டி சோர்ந்து போகும். சோர்ந்த குட்டி எழுந்து நிற்காது. நிற்காத குட்டி மடியைத் தேடாது. பால் குடிக்காவிட்டால் வெப்பம் உண்டாக்க எரிபொருள் இல்லை. ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுத்துக் கொண்டு போகும் சங்கிலி இது.

தாய் ஆடு குட்டியை நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. அத்துடன் அந்த 100 கிராம் நீரை ஆவியாக விடாமல் துடைத்து எடுக்கும் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது. முதல் ஈற்று ஆடு சில வேளை நக்காமல் விலகி நிற்கும். இரட்டைக் குட்டி போட்ட ஆடு ஒன்றை நக்கிக் கொண்டிருக்கும்போது மற்றது நனைந்தே கிடக்கும். அப்போது உலர்ந்த சாக்கோ பழைய வேட்டியோ எடுத்து நன்றாகத் தேய்த்துத் துவட்டுவது உங்கள் வேலை. தேய்ப்பதால் நீர் போகிறது, மூச்சும் தூண்டப்படுகிறது. கீழே வைக்கோல் பரப்பினால் தரைக்குப் போகும் வெப்பம் குறைகிறது. வைக்கோலுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

சிறிய உடலுக்கு ஏன் இவ்வளவு தொல்லை? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை எடுங்கள். அதன் பருமன் 1, மேற்பரப்பு 6. இரண்டு சென்டிமீட்டர் பக்கமானால் பருமன் 8, மேற்பரப்பு 24. முதலாவதில் ஒரு பங்கு பருமனுக்கு 6 பங்கு மேற்பரப்பு. இரண்டாவதில் 3 பங்குதான். வெப்பம் உண்டாவது பருமனில், இழக்கப்படுவது மேற்பரப்பில். ஆகவே சிறியது விரைவில் குளிரும். 40 கிராம் கோழிக்குஞ்சையும் 25 கிலோ கன்றையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு கிராமுக்கும் குஞ்சுக்கு ஏறத்தாழ எட்டரை மடங்கு அதிக மேற்பரப்பு வந்துவிடுகிறது. 625-இன் கனமூலத்தைக் கண்டுபிடித்து இந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம்.

அதனால்தான் தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் தர வேண்டும். பின்னர் வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக் கொண்டே வரலாம். குண்டு பல்பு ஒன்றைத் தொங்க விட்டால் போதும். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளே வெப்பமானி! பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தால் குளிர்கிறது என்று பொருள். வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு ஓடினால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் சரியான அளவு.

நேரக் கணக்கு

இனிச் சீம்பாலுக்கு வருவோம். ஈன்ற பசு முதன்முதலில் சுரக்கும் மஞ்சள் நிறக் கெட்டிப்பால்தான் சீம்பால். அதில் கொழுப்பும் உயிர்ச்சத்துகளும் மிகுதி. அவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. எதிர்ப்பொருள்கள் என்னும் நோய் எதிர்ப்புப் புரதங்கள். தாய்ப்பசு தன் வாழ்நாளில் எந்தெந்தக் கிருமிகளைச் சந்தித்து வென்றதோ, அவற்றுக்கு எதிரான படைக்கலங்கள் அவை. நல்ல சீம்பாலில் இப்புரதங்கள் லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் இருக்கும். சாதாரணப் பாலில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுகூட இராது.

மனிதக் குழந்தைக்கு இத்தகைய எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்து சேர்கிறது. பசு, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் குருதிக்கும் கன்றின் குருதிக்கும் இடையே அதிகத் திசு அடுக்குகள் இருக்கின்றன. பெரிய புரத மூலக்கூறுகள் அவற்றைத் தாண்டுவதில்லை. ஆகவே கன்று பிறக்கும்போது அதன் குருதியில் தாய் தந்த பாதுகாப்பு ஏறக்குறைய எதுவும் இல்லை. அதன் உடல் தானே போதிய எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக் கொள்ளச் சில வாரங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அதன் கவசம் சீம்பால் ஒன்றுதான்.

இதில்தான் நேரம் குறுக்கே வருகிறது. பிறந்த கன்றின் குடல் சுவர், இந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே குருதிக்குள் விடுகிறது. ஒரு கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது பிறந்த நிமிடத்திலிருந்தே மூடத் தொடங்குகிறது. முதல் சில மணி நேரம் நன்றாகத் திறந்திருக்கும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு குறுகியிருக்கும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ முற்றிலும் மூடிவிடும். அதன் பிறகு குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் அதிலுள்ள எதிர்ப்பொருள் குருதிக்குள் போகாது. அடுத்த நாள் நினைத்துக்கொண்டு வருந்துவதால் பயனில்லை.

இதை மனிதன் எப்படி அறிந்தான்? 1892-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் சுண்டெலிகளை வைத்து ஆய்வு செய்தார். அவர் எடுத்துக் கொண்ட நஞ்சுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: நம் வேலிகளில் காய்க்கும் குன்றிமணியில் உள்ள அப்ரின், ஆமணக்கு விதையில் உள்ள ரிசின். நஞ்சை மிகச் சிறு அளவில் கொடுத்து எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்த்தார். பிறகு குட்டிகளை இடம் மாற்றினார். எதிர்ப்புச் சக்தி இல்லாத தாய்க்குப் பிறந்த குட்டியை, சக்தி பெற்ற தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிக்கும் எதிர்ப்புச் சக்தி வந்தது. பால் வழியாகவே அது கடந்து செல்கிறது என்பது தெளிவாயிற்று. 1922-இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ஃப் லிட்டில் ஆகிய இருவரும் கன்றுகளிலேயே சோதித்தார்கள். சீம்பால் பெற்றவை பிழைத்தன. பெறாதவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன விவாதம் இது. நம் தொழுவங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய விதி. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதை முதல் சில மணி நேரத்துக்குள், ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு தவணையாகக் கொடுத்துவிட வேண்டும். முதல் தவணை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆனால் மிக நல்லது. ஆட்டுக்குட்டிக்கும் இதே விகிதம்தான். சிறிது சிறிதாகப் பல தடவை ஊட்ட வேண்டும்.

இரண்டு வழக்கங்கள்

இப்போது நான் சொல்ல வந்த கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழக்கங்களை நாம் கைவிட வேண்டும்.

முதலாவது, "கொடி விழட்டும், பிறகு கன்றை ஊட்ட விடலாம்" என்று காத்திருப்பது. நஞ்சுக்கொடி விழும் முன் பால் குடித்தால் கன்றுக்கு ஆகாது, பசுவுக்கும் கெடுதல் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. பசுவுக்குக் கொடி விழ இயல்பாகவே 12 மணி நேரம் வரை ஆகலாம். கன்றின் குடலில் திறந்திருக்கும் கதவோ 24 மணி நேரத்தில் மூடிவிடுவது. பாதி நேரம், அதிலும் சிறந்த பாதி, காத்திருப்பிலேயே போய்விடுகிறது! உண்மை இதற்கு நேர்மாறானது. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அதுவே பாலை இறங்கச் செய்கிறது. அதுவே கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. கருப்பை சுருங்கினால் கொடி விழுவது எளிதாகிறது. கன்றைத் தள்ளி வைப்பவர்கள், எந்தக் கொடி விழ வேண்டும் என்று காத்திருக்கிறார்களோ, அதற்கே உதவாமல் இருக்கிறார்கள். 12 மணி நேரம் கடந்தும் கொடி விழாவிட்டால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கையால் இழுப்பதோ எடை கட்டித் தொங்க விடுவதோ கூடாது.

இரண்டாவது, முதல் சீம்பாலைக் கறந்து அடுப்பில் ஏற்றுவது. இதைச் சொன்னால் உங்களில் பலருக்கு என்மேல் கோபம் வரும் என்று தெரியும். கருப்பட்டியோ சர்க்கரையோ ஏலக்காயோடு சேர்த்து அவித்தெடுத்த சீம்பாலின் சுவையை யார் மறப்பார்? பக்கத்து வீடுகளுக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து அனுப்புவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சாதாரணப் பாலைக் காய்ச்சினால் அது பொங்குகிறதே தவிரக் கட்டியாவதில்லை. சீம்பால் மட்டும் அவித்த முட்டை போல இறுகுவது ஏன்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அங்கே பசும்பாலைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிளறிப் பால்கோவா செய்கிறார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த வாணலியில் பால் இவ்வளவு நேரம் கொதித்தும் திடீரென்று திரைந்து போவதில்லை. நீர் வற்றி மெல்ல மெல்லத்தான் கெட்டிப்படுகிறது. பாலில் பெரும்பங்கான கேசீன் என்னும் புரதம் கொதிநிலையைத் தாங்கி நிற்பதே காரணம். சீம்பாலில் மிகுதியாக உள்ளவை வேறு வகைப் புரதங்கள். வெப்பம் பட்டதும் அவற்றின் மடிப்புகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடுகின்றன. அந்தப் புரதங்களில் பெரும்பகுதி எவை தெரியுமா? கன்றுக்காகத் தாய் சேர்த்து வைத்த எதிர்ப்பொருள்களே! பாத்திரத்தில் இறுகிக் கிடப்பது கன்றின் கவசம். அவித்த பிறகு அது நமக்கு ஓர் இனிப்பு; அந்தக் கவசத்தின் வேலையை இனி அதனால் செய்ய முடியாது.

சீம்பாலை யாருமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கறக்கும் பசு, கன்றின் தேவைக்கு மேலேயே சுரக்கும். முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதல் கறவையில் முதல் பங்கு கன்றுக்கு, வயிறு நிறைய. இரண்டாம் பங்கு, வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் அதன் உறைபெட்டிக்கு. நாளை தாயை இழந்த ஒரு கன்றுக்கோ பால் சுரக்காத பசுவின் கன்றுக்கோ அது உயிர் தரும். வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கிக் கொடுக்க வேண்டும். கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மூன்றாம் பங்கு நமக்கும் பக்கத்து வீட்டுக்கும். பங்கு எல்லாருக்கும் உண்டு, வரிசைதான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிடாரிக் கன்றானால் ஊட்ட விட்டு, காளைக் கன்றானால் அரை வயிற்றோடு கட்டிப் போடுவதும் சில இடங்களில் நடக்கிறது. பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் நாள் சீம்பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்ற முடியாது, கோவாவுக்கும் ஆகாது. விலை போகாத பாலிலும் காளைக் கன்றுக்குப் பங்கு மறுப்பதற்கு எந்தக் கணக்கும் இடம் தரவில்லை.

"எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் பார்த்தா வளர்த்தார்கள்? கன்றுகள் பிழைக்கவில்லையா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. பிழைத்த கன்றுகள் பசுவாகி, காளையாகி, கண்முன் நின்றன, பேசப்பட்டன. இறந்தவற்றை யாரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. நிற்பவற்றை மட்டும் எண்ணினால், எந்த வழக்கமும் வெற்றி பெற்ற வழக்கமாகவே தோன்றும். அறிவியல் தொடங்குவது இறந்தவற்றையும் எண்ணத் தொடங்கும் இடத்தில்தான்.

இராஜபாளையத்து நாய்க்குட்டிகள்

இதே கணக்கு இராஜபாளையம் நாய்க்கும் பொருந்தும். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால் தலைகளில் இடம்பெற்ற பெருமை இந்த வெள்ளை நாய்க்கு உண்டு. நாய்க்குட்டி கண் மூடியபடி பிறக்கிறது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கி வெப்பம் உண்டாக்கிக் கொள்ளும் திறன்கூட இல்லை. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமும்தான் அதற்குப் போர்வை. கனசதுரக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்: ஆறு குட்டிகள் ஒட்டிப் படுத்தால், மேற்பரப்பு குறைந்த ஒரே பெரிய உடல் போல் ஆகிவிடுகின்றன. நாய்க்குட்டிக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி முதல் நாள் பாலில்தான் வருகிறது. கண் திறந்தவுடனே குட்டியைப் பிரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. வாங்கப் போகிறவர் உங்கள் வீட்டாரானால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களால் என்ன முடியும்?

ஒரு நோட்டும் பென்சிலும் கைக்கடிகாரமும் போதும். தொழுவத்தில் ஓர் உயிர் பிறக்கும்போது இவற்றை எழுதுங்கள். பிறந்த நேரம். உடல் உலர்ந்த நேரம். எழுந்து நின்ற நேரம். முதல் பால் குடித்த நேரம். கொடி விழுந்த நேரம். எடை. எடை போடக் கடினமான வழி எதுவும் வேண்டாம். எடை இயந்திரத்தில் ஒருவர் கன்றைத் தூக்கிக் கொண்டு நிற்கட்டும், பிறகு தனியாக நிற்கட்டும், கழித்து விடுங்கள். ஏழாம் நாள், முப்பதாம் நாள் மறுபடி எடை பாருங்கள். நோய் வந்தால் அதையும் குறியுங்கள். இறந்தால் தவறாமல் குறியுங்கள். ஒரே ஊரில் பத்து மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் எழுதினால், விரைவில் பால் குடித்தவை எப்படி இருந்தன, தாமதமாகக் குடித்தவை எப்படி இருந்தன என்பது உங்கள் ஊர்க் கணக்காகவே கிடைத்துவிடும். அதற்கு நிகரான சான்று வேறில்லை.

அறிவியல் கண்காட்சி என்றால் அட்டையில் எரிமலை செய்து வைப்பது என்றாகிவிட்டது. அட்டை எரிமலையைவிட இந்த நோட்டுக்கு அதிக மதிப்பெண் தர வேண்டும் என்பது ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள்.

சில எச்சரிக்கைகள். கன்று நிற்க முடியாமல் கிடந்தால் சீம்பாலைக் கறந்து, ரப்பர் காம்பு பொருத்திய புட்டியில் ஊட்டலாம். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். கறக்கும் முன் மடியைக் கழுவித் துடையுங்கள். தொப்புள் கொடியின் முனையில் டிங்சர் அயோடின் தடவுங்கள். சாணம், சாம்பல் எதையும் அப்பக் கூடாது. உடல் சில்லென்று இருந்து, உறிஞ்சவும் மறுத்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது.

பாட்டியிடம் இதைச் சொல்லும்போது சண்டை போட வேண்டாம். மாட்டின் முகம் பார்த்தே இன்று இரவு ஈனும் என்று சொல்லக் கூடியவர் அவர். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு, ஒரு கரண்டி சீம்பாலும் ஒரு கரண்டி சாதாரணப் பாலும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் அவர் முன்னாலேயே சூடு செய்யுங்கள். ஒன்று இறுகும், மற்றது இறுகாது. ஏன் என்று அவரே கேட்பார். அப்போது சொல்லுங்கள்.

மனிதக் குழந்தைகளுக்கும் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும் என்று உலக நல நிறுவனம் வலியுறுத்துகிறது. செவிலியர்கள் வீடு வீடாகச் சொல்லிச் சொல்லிப் பல குடும்பங்களில் அந்த வழக்கம் மாறியிருக்கிறது. தொழுவத்துக்கு வீடு வீடாக வந்து சொல்லும் செவிலியர் எவரும் இல்லை. அங்கே இருப்பவர்கள் நீங்கள்தான்.

இந்த இளவேனிலில் உங்கள் வீட்டில் ஓர் உயிர் பிறந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாக்கை எடுத்துத் துவட்டுங்கள். கன்றை மடிக்குக் கொண்டு போங்கள். இனிப்புக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம். கன்றால் காத்திருக்க முடியாது.